சாயச் சரக்குக்கு எந்த விலை

எங்கள் கடையில் முதலாளிகள் இரண்டு பேர். ஒருவர் என் அத்தா, என்னைப் பெற்றவர். இன்னொருவர் அவருடைய கூட்டாளி. அவருக்கும் எங்களுக்கும் ரத்தத்தாலோ மதத்தாலோ ஒட்டும் உறவும் கிடையாது. வாலிபத்தில் இரண்டு பேரும் ஒரே மொத்த வியாபாரியிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். அந்தக் காலத்திலேயே ஒருவரை ஒருவர் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு சேர்ந்து கடை வைத்தபோதும் அப்படியே கூப்பிட்டார்கள். அதனால் எனக்கு அவர் மாமா. அவருக்கு நான் மருமகன்.

கடை, மதுரையில் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. சாயப்பொடி வியாபாரம். பொடி பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து தகர டப்பாக்களில் கப்பலேறி வரும். டப்பாவின் மேல் யானை, மயில், தாமரையில் நிற்கும் லட்சுமி என்று நம்மூர்ப் படங்களாகவே ஒட்டியிருப்பார்கள். நம்மைப் பார்த்திராத ஜெர்மன்காரனுக்கு நமக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரிந்தது என்பது எனக்குச் சின்ன வயது ஆச்சரியம். வாங்க வருகிறவர்கள் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் குடும்பத்தார். முடிச்சுப் போட்ட துணியைத் தொட்டியில் முக்கி, வைகையில் அலசி, மணலில் விரித்தும் தெருவில் கயிறு கட்டியும் காயவைப்பார்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் எங்கள் கடையை நம்பித்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது. அவர்களை நம்பித்தான் எங்கள் அடுப்பும்.

அத்தா கொள்முதல் பார்ப்பார். மாமா முன்னால் உட்கார்ந்து விற்பார். பங்கு சரிபாதி. அத்தாவுக்குச் சரக்கைத் தெரியும், மாமாவுக்கு ஆட்களைத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள்.

என்னை மதராஸுக்கு அனுப்பி காமர்ஸ் படிக்க வைத்தார் அத்தா. திரும்பி வந்து மதுரையிலேயே ஒரு ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் வடக்கு மாசி வீதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் கணக்குப் பதிவியல் வகுப்பு எடுத்தேன். புதிதாகப் படித்து வந்த திமிரில் கடைக் கணக்கையும் இங்கிலீஷ் முறைக்கு மாற்றினேன். வருஷக் கடைசியில் அதைக் கொண்டுபோய் இரண்டு பேரிடமும் படித்துக் காட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இதென்னடா, நான் போட்ட முதல கடன்னு எழுதியிருக்க?" என்றார் அத்தா.

"கடை உங்களுக்குத் தர வேண்டியது அத்தா. அதனால கடைக்கு அது கடன்தான்."

"கடையே நான்தானடா?"

"கணக்குல கடை வேற ஆளு. நீங்க வேற ஆளு."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூணாவதா ஒருத்தன் உக்காந்திருக்கான்னு சொல்லு மருமகனே. இம்புட்டு நாளா அவனுக்குக் காப்பி வாங்கிக் குடுக்காம விட்டுட்டமே."

அடுத்து, கடையில் விற்காமல் இருக்கும் சரக்குக்கு என்ன விலை போட்டிருக்கிறேன் என்று கேட்டார் அத்தா. வாங்கின விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைப் போட வேண்டும், அதுதான் விதி என்றேன். விலை இறங்கினால் நஷ்டத்தை உடனே ஒத்துக்கொள்ள வேண்டும்; ஏறினால், விற்றுக் காசு கைக்கு வரும்வரை லாபம் என்று எழுதக்கூடாது. இது அத்தாவுக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. வராத லாபத்தை வந்ததாக நினைத்துக் கல்யாணச் செலவு பண்ணிக் கெட்டுப்போன இரண்டு வியாபாரிகளைச் சொல்லி, "இந்தப் படிப்புல அறிவு இருக்குடா" என்றார். என் படிப்பை அவர் மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

போர் வந்தது. ஐரோப்பாவில் நடக்கும் சண்டைக்கும் மதுரைச் சந்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோதே, மதராஸ் ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்துவிட்டது. இனி ஜெர்மன் சரக்கு வராது. அந்தக் கோடையில்தான், விலை படிந்து வந்ததே என்று அத்தா வழக்கத்துக்கு மேல் நிறையக் கொள்முதல் செய்திருந்தார். கடையின் பின்கட்டு உத்தரம் வரை டப்பாக்கள். ஊரில் வேறு யாரிடமும் அவ்வளவு இல்லை.

எட்டு ரூபாய்க்கு வாங்கின டப்பாவைப் பதினைந்துக்குக் கேட்டார்கள். பிறகு இருபதுக்கு. பம்பாயிலிருந்து ஒரு தரகர் வந்து, மொத்தத்தையும் ஒரே விலையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தா கொடுக்கவில்லை. இன்னும் ஏறும் என்பது அவர் கணக்கு. சில்லறையாக விற்பதையும் குறைக்கச் சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம், கடைக்கு வந்து பல வருஷம் பழகின பெரியவர் ஒருவர் அலிசரின் சிவப்பு கேட்டு வந்தார். வீட்டில் தொட்டி காய்ந்து கிடப்பதாகச் சொன்னார். மாமா உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து, பழைய விலையான பத்து ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். பின்கட்டு வாசலில் நின்று அத்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் சந்து திரும்பும்வரை பேசவில்லை. நானும் அங்கே இருந்தேன்.

"எம்புட்டுக்குக் குடுத்த மாப்ள?"

"எப்பவும் குடுக்குறதுக்கு."

"எட்டுக்கு வாங்குனத பத்துக்கு வித்தா ரெண்டு ரூபா லாபம்னு நீ நெனைக்கிற. அதே டப்பாவ திரும்ப வாங்க இருபது வேணும். அப்ப பத்து ரூபா நட்டமா, இல்லையா?"

"வாங்குறதுக்குத்தான் சரக்கே வரலையே. வராத சரக்குக்கு எதுக்கு வெல போடுற?"

"இன்னைக்கு வராது. ஒரு நாளைக்கு வரும். அன்னைக்கு நம்ம கையில காசு இல்லன்னா கடைய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். பூட்டுன கடை எந்தச் சாயக்காரனுக்கு ஒதவும், சொல்லு?"

"அன்னைக்கு வரைக்கும் அவுக என்னத்தத் திங்கிறது மாப்ள?"

அத்தா பின்கட்டுக்குள் போய்விட்டார். மாமா தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், அது சுத்தமாக இருந்தபோதும்.

வகுப்பில் விலை என்பது என்ன என்று பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த காலம் அது. கிடைப்பது குறைந்து கேட்பது அதே அளவில் இருந்தால் விலை ஏறும் என்று கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைவேன். அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் காட்டி, இதுதான் விலை என்பேன். வகுப்பு முடிந்து நடந்து வரும் வழியில் சாயக்காரர் தெரு. முன்பெல்லாம் தெரு நீளத்துக்குக் கயிறு கட்டிச் சேலைகள் தொங்கும். குனிந்துதான் போக வேண்டும். இப்போது நிமிர்ந்து போக முடிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அத்தா சொன்னது சரி, மாமா சொன்னதும் சரி என்று நினைத்துக்கொண்டே நடப்பேன். வீட்டு வாசல் வரும்வரை யாராவது ஒருவர் தப்பு என்று முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று பார்ப்பேன். முடிந்ததில்லை.

சில வாரங்கள் கழித்து மாமா என்னை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வரச் சொல்லியிருந்தார். குளத்தில் அந்த வருஷம் தண்ணீர் இல்லை. மைய மண்டபத்தைச் சுற்றி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. படியில் உட்கார்ந்ததும் நேராகவே விஷயத்துக்கு வந்தார்.

"நான் பிரிஞ்சுக்கிறேன் மருமகனே. உங்க அத்தாகிட்ட நீயே சொல்லு. என் வாயால சொன்னா சண்டையாயிரும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா மாமா?"

"தெருவுல நடக்க முடியல. ஒவ்வொருத்தனும் என் மொகத்தப் பாக்குறான். அவுககிட்ட சரக்கு இல்லைன்னு சொல்றேன். பின்னாடி உத்தரம் வரைக்கும் அடுக்கி வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றேன்." கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அத்தா கெட்டவரு இல்ல. அது எனக்குத் தெரியும். அதான் கஷ்டமா இருக்கு."

நான் அத்தாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துப்போய், "அவனா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். அன்று சோற்றில் கை வைத்ததோடு எழுந்துவிட்டார். அம்மா என்னிடம், "ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி மாதிரி இருந்தாக. பிரிச்சு விடுற வேல உனக்கா வந்து சேரணும்?" என்றாள்.

பிரிவதென்றால் கடையின் மதிப்பைப் போட்டுப் பாதியை மாமாவுக்குக் கொடுக்க வேண்டும். கடையில் இருந்ததெல்லாம் சரக்குதான். அந்தச் சரக்குக்கு எந்த விலை?

என் சீனியர் ஆடிட்டரிடம் யோசனை கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீ அந்த இடத்துல உட்காரவே கூடாது. அப்பா பக்கம் சொன்னா பிள்ளைன்னு சொல்லுவாங்க. அவர் பக்கம் சொன்னா வீட்டுக்குப் போக முடியாது. சம்பந்தம் உள்ளவன் கணக்குப் பார்க்கக் கூடாதுங்கிற விதி நேர்மையில்லாதவனுக்காக வச்சது இல்ல, நேர்மையானவனைக் காப்பாத்த வச்சது" என்றார். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தேன். இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். வெளியாள் வேண்டாம், நீ போதும் என்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு, கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தோம்.

"வாங்குன வெலை, சந்தை வெலை, ரெண்டுல எது குறைச்சலோ அது," என்றார் அத்தா. "விதி. இவன்தான் படிச்சுச் சொன்னான். எட்டு ரூபா கணக்குல உன் பாதிய வாங்கிக்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அத்தாவே தொடர்ந்தார்.

"நீதானே மாப்ள, பழைய வெலதான் நியாயமான வெலைன்னு சொன்ன? கூட வாங்குறது பாவம்னு சொன்ன. சாயக்காரனுக்கு நியாயம்னா எனக்கும் அதானே நியாயம்? நீ விக்கிறப்ப பத்து, பங்கு கேக்குறப்ப இருபதா?"

அந்தக் கேள்வி என்னை அடித்துவிட்டது. மாமாவையும்தான்.

"சாயக்காரன் அந்தப் பொடியத் தொட்டியில கரைப்பான் மாப்ள," என்றார் மாமா. "நீ பூட்டி வச்சு இருபதுக்கு விப்ப. ரெண்டு பேருக்கும் ஒரே வெலையா?"

"படிச்சவன் நீ சொல்லு," என்றார் அத்தா என்னிடம்.

சொன்னேன். "வாங்குன வெலைன்னு நான் சொன்னது நடந்துக்கிட்டு இருக்குற கடைக்கு அத்தா. இந்த வருசம், அடுத்த வருசம்னு கடை ஓடிக்கிட்டே இருக்கும்னு நம்பி எழுதுற கணக்கு அது. பிரியிறப்ப அந்த விதி செல்லாது. இன்னைக்கு இந்தச் சரக்க வித்தா என்ன கெடைக்குமோ, அதுதான் வெல."

அத்தா என்னைப் பார்த்த பார்வையை இப்போது எழுதும்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"யாரு கட்டுன பீசுல படிச்ச நீ?" என்றார். எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"நீ சொல்லியிருக்க வேண்டாம்டா," என்றார் மாமா. "அவரு சொன்னதுலயும் ஞாயம் இருக்கு."

மாலை அஸர் தொழுகையும் முடித்துவிட்டுத்தான் அத்தா திரும்பி வந்தார். முகம் கழுவின ஈரம் தாடியில் இருந்தது. கோபம் போயிருந்தது, அதற்குப் பதில் களைப்பு வந்திருந்தது. "சரி, இருபதுன்னே வச்சுக்குவோம். அம்புட்டுக் காசுக்கு நான் எங்க போவேன்? சரக்கா இருக்குறதக் காசா எண்ணி வைன்னா முடியுமா? வித்தாத்தானே காசு. அவசரத்துக்கு வித்தா அந்த இருபதும் கெடைக்காது."

அதுவும் உண்மை. கணக்கில் பணக்காரனாக இருப்பவன் கையில் ஒரு மாதச் செலவுக்குக் கூட இல்லாமல் இருக்கலாம் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "வெலையே போட வேண்டாம். டப்பாவாவே பிரிச்சுக்கங்க. உங்க பாதிய உங்க இஷ்டத்துக்கு வைங்க. மாமா பாதிய அவுக இஷ்டத்துக்கு விக்கட்டும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா தலையை ஆட்டினார். அத்தா, "பிஸ்மில்லா சொல்லி எறக்கு" என்றார்.

நிறம் நிறமாகப் பிரித்தோம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். சுமையாளை வைக்காமல் அவர்கள் இரண்டு பேருமே இறக்கி அடுக்கினார்கள். வேலை செய்யும்போது பழைய பழக்கத்தில் "பிடி மாப்ள", "பாத்து மாப்ள" என்று சொல்லிக்கொண்டார்கள். சிவப்பில் ஒரு டப்பா ஒற்றையாக மிஞ்சியது. நான் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அத்தா அதை வாங்கி மாமாவின் அடுக்கின் மேல் வைத்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா தன் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டார். பழைய விலை. யாரும் மொத்தமாக வாங்கிவிடக்கூடாது என்பதற்காக, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாசலில் கூட்டம் நின்றது. வகுப்பு முடிந்து வரும்போது தெருவில் மறுபடி சேலைகள் தொங்குவதைப் பார்ப்பேன். ஆனால் பொட்டலங்கள் போன வேகத்துக்கு அத்தனை சேலைகள் தொங்கவில்லை. இது என்னை உறுத்தியது. என்னவென்று புரியவில்லை.

புரிந்தது, கணக்கு முடிக்கும் மாதத்தில். ஆடிட்டர் ஆபீஸ் சார்பில் ஒரு நூல் வியாபாரியின் கிட்டங்கிக்குச் சரக்குச் சரிபார்க்கப் போனேன். நூல் சிப்பங்களுக்குப் பின்னால் ஒரு மூலையில் சாயப்பொட்டலங்கள் மலைபோல் குவிந்திருந்தன. தடித்த காகிதம், நாலு மடிப்பு, குறுக்கே இரட்டைச் சரடு. மாமா பொட்டலம் மடிக்கும் விதம் எனக்குத் தெரியாதா? அந்த வியாபாரி ஒளிக்கவும் இல்லை. "சாயக்காரங்க கொண்டாந்து வித்தாக தம்பி. வாங்கிப் போட்டேன். பம்பாய்க்காரன் கேக்குறான்" என்றார். அவர் செய்ததில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. நான் எண்ணி எழுதிக்கொண்டேன்.

ஆபீசுக்கு வந்து சீனியரிடம் சொன்னபோது அவர் என்னைச் சொல்லி முடிக்கவிடவில்லை. "கட்சிக்காரர் கிட்டங்கியில பார்த்தது அங்கேயே இருக்கணும். உங்க மாமாவா இருந்தாலும் சரி, அப்பாவா இருந்தாலும் சரி. இல்லன்னா நாளைக்கு யாரும் நமக்குக் கதவு திறக்க மாட்டாங்க."

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மாமா வீட்டுக்குப் போனேன். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் பல மாதங்களாகப் பார்க்காத ஒரு தெளிவு. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"மாமா, பொடியாக் குடுக்காதீங்க. கொல்லையில ஒரு தொட்டி கட்டுங்க. சாயத்தக் கரைச்சு வைங்க. துணியக் கொண்டாந்து இங்கயே முக்கிட்டுப் போகட்டும்."

அவர் கை நின்றது. "எதுக்கு?"

"சும்மா. அது நல்லதுன்னு தோணுச்சு."

"கரைச்சா யாரும் வெளிய தூக்கிட்டுப் போக முடியாது. அதானே?" அவர் என் முகத்தையே பார்த்தார். "யாரோ விக்கிறாகன்னு சொல்ல வாரியா?"

"நான் ஒண்ணும் சொல்லல மாமா."

"ஆமா, நீ ஒண்ணும் சொல்லல," என்றார். கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். சரடை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது, "மருமகனே, எம்புட்டுப் போயிருக்கும்?" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். அவர் கொடுத்ததில் பாதிக்கு மேல் போயிருந்தது.

அடுத்த வாரம் அவர் கொல்லையில் கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். தொட்டி வந்தது. துணியோடு வந்தவர்களுக்கு மட்டும் சாயம். கூட்டம் குறைந்தது, தெருவில் தொங்கிய சேலைகள் கூடின. அந்த நாட்களில், முதன்முதலில் பத்து ரூபாய்க்கு டப்பா வாங்கிப் போன அதே பெரியவர் ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தினார். அவராகவே பேசினார்.

"ஒங்க மாமா எங்க மேல வருத்தமா இருக்காரு. எனக்குத் தெரியும் தம்பி. ஒரு பொட்டலத்தக் கரைச்சு வேல பாத்தா ஒரு வாரக் கூலி. கரைக்காம அப்படியே குடுத்தா ஒரு மாசக் கூலி. அரிசி விக்கிற வெலையில பிள்ளைக பசிச்சுக் கெடக்குறப்ப நான் எதச் செய்ய? அவரு குடுத்தது சாயம்னு அவரு நெனைச்சாரு. நாங்க அதக் காசாத்தான் பாத்தோம்."

இதை விடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் மாமாவிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மிச்சமிருந்த டப்பாக்களை வைத்து ஒரு வருஷம் தொட்டியை ஓட்டினார் மாமா. பிறகு தொட்டி காய்ந்தது. முதலும் கரைந்திருந்தது. பழைய விலைக்கு விற்ற காசில் திரும்ப ஒரு மாதச் சரக்குக்கூட வாங்க முடியவில்லை. அத்தா சொன்னது நடந்தது. மாமா ஒரு நூல் மில்லில் கிட்டங்கி குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி சம்பளம்.

அத்தா ஜெயித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தன் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, இருபதிலிருந்து அறுபது வரை ஏறின விலையில் விற்றார். கிடைத்த பணத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். சரக்கு வரும், வாங்குவேன் என்று. பம்பாயிலிருந்து ஒரு லாட் வந்தபோது, பாதிப் பணத்தைப் போட்டு வாங்கினார். டப்பா மேல் அதே மயில். உள்ளே பாதி உப்பு. அந்தச் சிவப்பில் சாயம் போட்ட சேலைகள் முதல் அலசலிலேயே வெளிறின. ஒரு அம்மாள் ஒரு கட்டுச் சேலையைக் கொண்டுவந்து கடைப் பலகையில் வைத்துவிட்டு நின்றாள். அத்தா சேலைகளின் விலையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தார். மீதி டப்பாக்களை விற்காமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார்.

மீதிப் பணத்துக்கு வரி வந்தது. போர்க்காலத்தில் அளவுக்கு மிஞ்சிச் சம்பாதித்தவர்களுக்கென்று சர்க்கார் தனி வரி போட்டிருந்தது. அந்தக் கணக்கை நான்தான் எழுதினேன். வாங்கின விலை எட்டு, விற்ற விலை இருபதிலிருந்து அறுபது, வித்தியாசம் லாபம். அத்தா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது லாபமாடா? இந்தக் காச வச்சு அதே சரக்க என்னால வாங்க முடியுதா?"

"முடியாது அத்தா."

"பின்ன எப்படி லாபம்?"

"கணக்கு வாங்குன வெலையத்தான் பாக்கும் அத்தா. திரும்ப வாங்குற வெலையப் பாக்காது."

"பிரியிற அன்னைக்கு அந்த விதியத்தான் நான் மாப்ளகிட்ட சொன்னேன்," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

இந்த வருஷங்களில் அத்தாவும் மாமாவும் பேசிக்கொள்ளவே இல்லை. சண்டை இல்லை. எதிரே வந்தால் இருவரும் தலையை அசைத்துக்கொள்வார்கள். அம்மாவும், மாமா வீட்டு அத்தையும் மட்டும் நிறுத்தவில்லை. நோன்பு மாதத்தில் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும். பொங்கல் அன்று அங்கிருந்து கரும்பு வரும். அத்தா அந்தக் கரும்பைத் தின்ன மாட்டார். ஆனால் வந்துவிட்டதா என்று கேட்பார்.

போர் முடிந்த மறு வருஷம், மதராஸ் ஏஜெண்டிடமிருந்து கடிதம் வந்தது. கப்பல் போக்குவரத்து சீராகிவிட்டது, சாயச்சரக்கு வேறு தேசங்களிலிருந்து வருகிறது, ஆர்டர் கொடுக்கலாம். சோடா உப்பும் பிளீச்சிங் பவுடரும் விற்றுக் காலம் தள்ளிக்கொண்டிருந்த அத்தா அதை இரண்டு தடவை வாசித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளகிட்ட போய்ச் சொல்லு. சேந்து வாங்குவோமான்னு கேளு. மொதல் போட அவன்கிட்ட இல்லைன்னு எனக்குத் தெரியும். அது வேண்டாம். முன்னால வந்து உக்காந்தாப் போதும். பங்கு பாதிதான்."

மில்லுக்குப் போனேன். சங்கு ஊதி ஷிப்ட் விட்டுக்கொண்டிருந்தது. மாமா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது. புருவத்தில் பஞ்சுத் தூசி. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கண் கலங்கினது தெரிந்தது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாதியா? மொதல் இல்லாமயா?"

"ஆமா மாமா."

"அவரு மனசு எனக்குத் தெரியும்டா. எனக்கு அவரு மேல கோவம் இல்ல. அன்னைக்கும் இல்ல. ஆனா வரமாட்டேன் மருமகனே. வெலை சும்மா கெடக்குற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம். ஒரு நாளைக்குத் திரும்ப ஏறும். அன்னைக்கு அவரு அவராத்தான் இருப்பாரு. நான் நானாத்தான் இருப்பேன். இன்னொரு தடவ டப்பா பிரிக்க எனக்குத் தெம்பு இல்ல."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையைக் கூட மாற்றவில்லை. அத்தா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கான்," என்றார் அத்தா.

பிறகு ஏஜெண்டுக்குப் பதில் எழுதச் சொன்னார். எவ்வளவு சரக்கு என்று கேட்டேன். ஒருத்தன் பார்த்து விற்கிற அளவுக்குப் போதும் என்றார்.